மருந்து நாளும் நீல விளிம்புக் கோப்பையும்

கோப்பிக்கடையில் பக்கத்து மேசைக்கு யாராவது சூடான 'கோப்பி ஓ' கொண்டுவந்து வைத்தால் நான் எழுந்து வேறு மேசைக்குப் போய்விடுவேன். பால் சேர்க்காத கறுப்புக் கோப்பியின் ஆவி மூக்கில் ஏறியவுடன், அதன்மேல் மஞ்சளாக, கனமாக, எவ்வளவு கலக்கினாலும் கலக்காமல் மிதக்கும் விளக்கெண்ணெய் என் கண்ணுக்குத் தெரிந்துவிடும். உதட்டில் ஒட்டிக்கொண்டு துடைக்கத் துடைக்கப் போகாத பிசுபிசுப்பும், தொண்டையில் இறங்க மறுத்துப் பாதியில் நின்றுகொள்ளும் கொழகொழப்பும் எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அப்படியே திரும்பி வந்துவிடும்.

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "அந்தக் காலத்துல எல்லா வீட்டுலயும் குடுத்தாங்க லா, நாங்களுந்தான் மூக்கப் பிடிச்சிக்கிட்டுக் குடிச்சோம்" என்று என் வயதுக்காரர்கள் ஏதோ தேர்த் திருவிழாவை நினைத்துக்கொள்வதுபோலச் சொல்லி மகிழ்கிறார்கள். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பதும், ஒருநாள் முழுக்க வயிற்றைக் காயப்போடுவதும் சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டுத் தமிழ் வீடுகளில் அன்று சாதாரண வழக்கம்தான். அந்த வழக்கத்தின்மேல் எனக்குப் பெரிதாக ஒன்றும் கோபமில்லை. எங்கள் வீட்டில் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் என் கோபம். அது நேற்று வந்த கோபமும் அல்ல.

நாங்கள் அப்போது பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே மசாலா அரைக்கும் மில். காலையில் மில் ஓடத் தொடங்கினால் மாடியில் இருக்கிற நாங்களெல்லாம் தும்மத் தொடங்குவோம். பலகைத் தடுப்பு போட்டுப் பிரித்த மாடியில் எங்களோடு இன்னும் சில குடும்பங்கள். எல்லாருக்கும் சேர்த்துப் பின்கட்டில் ஒரே ஒரு வாளிக் கக்கூஸ். அப்பா துறைமுகத்துக் குடோன் ஒன்றில் 'கிராணி', அதாவது கணக்குப்பிள்ளை. அம்மா வீட்டில். பிள்ளைகள் மூன்று பேரும் பெண்கள். மூத்தவள் பாக்கியம் அக்கா, நடுவில் ருக்மணி என்கிற நான், கடைக்குட்டி லலிதா. எங்களுக்கு அவள் லல்லி. மூன்று பேருக்கும் ஒரே பாய், ஒரே சீப்பு, ஒரே ரிப்பன் டப்பா. ரிப்பனுக்காக நானும் லல்லியும் மயிரைப் பிடித்துச் சண்டை போடுவோம், அக்கா இருவர் தலையிலும் ஒவ்வொரு குட்டு வைத்துவிட்டுத் தன்னுடைய ரிப்பனைக் கழற்றித் தருவாள்.

எங்கள் அப்பாவுக்கு உடம்பைப் பற்றி ஒரு கொள்கை இருந்தது. மனுஷனுக்கு வருகிற கெட்ட புத்தியெல்லாம் வயிற்றில் சேருகிற அழுக்கிலிருந்து வருகிறது என்பது அது. பெண்பிள்ளை எதிர்த்துப் பேசினால் பித்தம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் சூடு. சத்தமாகச் சிரித்தால் அதுவும் சூடுதான். ஏதாவது ஒன்று நடந்தால் அவர் கத்தமாட்டார், அடிக்கமாட்டார், அந்தப் பெருமை அவருக்கு உண்டு. "இங்க வா. நாக்க நீட்டு" என்பார். நாங்கள் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்போம். கிராணி வேலை பார்க்கிறவர் வைத்தியர்போலக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்து, "ம்ம், பித்தம் ஏறியிருக்கு" என்று தீர்ப்புச் சொல்வார். தேக்கா சந்தையில் வாங்கிய விளக்கெண்ணெய்ப் பாட்டில் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அம்மா படங்களுக்கு விபூதி வைக்கும்போது பாட்டிலுக்கும் ஒரு கீற்று வைத்துவிடுவாள். அதை யாரும் விளக்கெண்ணெய் என்று சொல்லக்கூடாது, 'மருந்து' என்றுதான் சொல்லவேண்டும். பேதிக்குக் கொடுக்கும் நாள் 'மருந்து நாள்'.

மருந்து நாளுக்கு முந்தின இரவு கஞ்சி மட்டும். விடியும் முன்பே எழுப்பி, பல் விளக்கச் செய்து, அடுப்படியில் வரிசையாக உட்கார வைப்பார்கள். எனாமல் கோப்பைகள் மூன்று. பெரியது அக்காவுடையது, நீல விளிம்பு போட்டது, நடுத்தரம் எனக்கு, காது உடைந்த சின்னது லல்லிக்கு. அம்மா சூடான கறுப்புக் கோப்பியை ஊற்றி, அதன்மேல் வயதுக்கு ஏற்றபடி எண்ணெயை ஊற்றுவாள். அப்பா நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, "பெரியவளுக்கு இன்னும் கொஞ்சம் விடு" என்பார். குடித்தபிறகு வாயில் வைத்துக்கொள்ள ஆளுக்கு ஓர் ஆரஞ்சுச் சுளை, அதையும் விழுங்கக்கூடாது, சப்பிவிட்டுத் துப்பிவிட வேண்டும். பிறகு வெந்நீர், மேலும் வெந்நீர். வயிறு அடங்கும்வரை சோறு கிடையாது, படுத்துத் தூங்கக்கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக வாசல் தாண்டக்கூடாது. சாயங்காலம் மிளகு ரசம் ஊற்றிக் குழைந்த சோறு ஒரு கைப்பிடி வரும். அந்தக் கைப்பிடிக்கு நாங்கள் நன்றியோடு இருக்கவேண்டும் என்பதும் அப்பாவின் எதிர்பார்ப்பு.

பின்கட்டுக் கக்கூஸ் முன்னால் மற்றக் குடித்தனக்காரர்கள் காத்து நிற்க, நாங்கள் மூன்று பேரும் மாறி மாறி ஓடிய அவமானத்தை என்னவென்று சொல்வது! "இன்னிக்கு கிராணி வீட்டுல மருந்தா?" என்று கேட்டுவிட்டு அவர்கள் சிரிப்பார்கள். அக்காவுக்குப் பதினாறு, பதினேழு வயது ஆனபிறகும் அந்தச் சிரிப்புக்கு நடுவில் கையில் வாளியோடு தலையைக் குனிந்துகொண்டுதான் போய்வர வேண்டியிருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அப்பா ஒருநாளும் மருந்து குடித்ததில்லை. எங்கள் வீட்டிலேயே அதிகமாகக் கோபம் வருகிறவர் அவர்தான். குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டு சுவரில் போய் விழும். ஆனால் அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்க யாரும் இல்லை. ஒருமுறை லல்லி, விவரம் தெரியாத வயதில், "அப்பா, உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டாள். "எனக்கு வேலைக்குப் போகணும்ல" என்றார். அடுத்த விடுமுறையில் லல்லியின் சின்னக் கோப்பையில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

அந்த நாள்களை எங்களால் தாங்க முடிந்தது அக்காவினால்தான். வயிறு காய்ந்து, கால் துவண்டு, பாயில் உட்கார்ந்திருக்கும்போது அக்கா பள்ளிக்கூடம் நடத்துவாள். பலகைத் தடுப்பின் கதவுதான் கரும்பலகை. பள்ளியிலிருந்து கொண்டுவந்த சாக்பீஸ் துண்டுகளை அவள் பாவாடை முடிச்சில் வைத்திருப்பாள். லல்லி அ, ஆ எழுதியது அந்தக் கதவில்தான், முதல் வகுப்புக்குப் போகும் முன்பே, வெறும் வயிற்றோடு. எனக்கு ஆங்கிலத்தில் வாக்கியம் அமைக்கச் சொல்லிக்கொடுத்ததும் அங்கேதான். பசி தாங்காமல் நாங்கள் அழுதால் பாடம் மாறிவிடும். "இப்ப சாப்பாட்டுப் பாடம். லல்லி, எழுந்து நின்னு சொல்லு, மீ கோரெங்ல என்னென்ன போடுவாங்க?" என்பாள். லல்லி எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அந்த வறுத்த நூடுல்ஸில் போடும் தக்காளி, முட்டை, உருளைக்கிழங்கு என்று கண்ணை மூடி ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். தப்பாகச் சொன்னால் அக்கா உண்மையான ஆசிரியைபோலக் கண்ணை உருட்டுவாள். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக வளர்ந்தோம் என்றால், அந்தக் கதவுக்கு முன்னால்தான் வளர்ந்தோம்.

அக்கா நன்றாகப் படித்தாள். அறுபதுகளின் தொடக்கம் அது; சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பள்ளியிறுதித் தேர்வில் தேறிய தமிழ்ப் பெண் எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான். அவளுடைய வகுப்பு ஆசிரியை ஒரு சீன அம்மையார். அவர் அக்காவைக் கூப்பிட்டு, ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், திங்கட்கிழமை காலை நேர்முகத் தேர்வு, நான் உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன், கட்டாயம் போ என்று சொல்லியிருந்தார். அக்கா இதை முதலில் எங்களிடம்தான் சொன்னாள், பாயில் படுத்துக்கொண்டு, போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு. லல்லி சத்தம் போட்டுவிடாமல் இருக்க நான் அவள் வாயைப் பொத்தவேண்டியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவே முந்திக்கொண்டார். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் மலாயாவில், ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் மாப்பிள்ளை, நல்ல குடும்பம், பேசி முடித்தாகிவிட்டது, அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறார்கள் என்றார். அக்கா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"எனக்குத் திங்கக்கிழம டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ இருக்குப்பா. அத முடிச்சிட்டு..."

"அதெல்லாம் வேணாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம முடிவு பண்ணிட்டீங்களேப்பா" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். குரல்கூட உயரவில்லை.

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நாக்க நீட்டு" என்றார். பதினேழு வயதுப் பெண், சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவள், தங்கைகள் பார்த்துக்கொண்டிருக்க நாக்கை நீட்டினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. அவர் குனிந்து பார்த்தார். "பித்தம் தலைக்கு ஏறிடுச்சு. திங்கக்கிழம காலையில மூணு பேருக்கும் மருந்து" என்றார். அது விடுமுறைக் காலமே இல்லை. எனக்கும் லல்லிக்கும் பள்ளிக்கூடம் இருந்தது. திங்கட்கிழமை அக்கா வாசல் தாண்டக்கூடாது, அதற்கு வேறு பூட்டுத் தேவையில்லை, இது போதும் என்பது எனக்கே புரிந்தது. அம்மா எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் புரிந்திருக்கும்.

திங்கட்கிழமை விடியலில் வழக்கம்போல வரிசையாக உட்கார்ந்தோம். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அம்மா மூன்று கோப்பைகளிலும் ஊற்றினாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னுடையதை முடித்தேன். லல்லியும் முடித்தாள். அக்கா நீல விளிம்புக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி அதற்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அம்மா வெந்நீர்ப் பானையை இறக்க அடுப்புப் பக்கம் திரும்பினாள். அப்போது லல்லி அக்காவின் காதோரம் சாய்ந்து, "அக்கா, உன்னோடத குடு" என்றாள். அக்கா என்ன ஏது என்று கேட்பதற்குள் கோப்பை லல்லியின் கைக்குப் போய்விட்டது. ஒரே மூச்சு. அக்கா பிடுங்கப் பார்த்தாள், கோப்பையில் அடி மண்டிதான் மிச்சம். அம்மா திரும்பியபோது மூன்று கோப்பைகளும் காலியாகத் தரையில் இருந்தன. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து மூன்றையும் எட்டிப் பார்த்தார். திருப்தி. "யாரும் இன்னிக்கு வாசல் தாண்டக்கூடாது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அக்கா போகமாட்டேன் என்றாள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு வேறு விதமாகப் பேசினார்கள். "லல்லி, வாயில விரல விட்டு வாந்தி எடு, எடுத்துடு" என்று அவளைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். லல்லி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வயது! "எனக்கு ஒண்ணும் ஆவாது. நீ போ அக்கா. போயி நெஜ டீச்சராயிட்டு வா" என்றாள். நேரம் ஆக ஆக அக்கா மட்டும் பின்கட்டுக்கு ஓடவில்லை என்பதை அம்மா கவனித்துவிட்டாள். மருந்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டாள் என்று நினைத்திருப்பாள் போலும். எதுவும் கேட்காமல் உள்ளே போய்த் தன்னுடைய குடையை எடுத்துவந்து அக்கா கையில் கொடுத்தாள். "அப்பா வர்றதுக்குள்ள வந்துடு" என்றாள். எங்கள் அம்மா தன் வாழ்நாளில் அப்பாவுக்கு எதிராகச் செய்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அக்கா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, குடையை மார்போடு அணைத்தபடி படியிறங்கி, கடைகளின் முன்தாழ்வாரமான அஞ்சடிப் பாதையில் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே விடுவிடுவென்று நடந்து போனதை நானும் லல்லியும் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தோம். லல்லி அப்போதே என் தோளில் சாய்ந்துதான் நின்றாள்.

வெயில் ஏறுவதற்குள் அவளால் நடக்க முடியவில்லை. பின்கட்டுக்குப் போகக்கூட முடியாமல் பாயிலேயே கிடந்தாள். குடித்த வெந்நீர் குடித்தபடியே வெளியே வந்தது. கண் உள்ளே போய்விட்டது. கால் கெண்டைச் சதை முடிச்சு முடிச்சாக இழுத்துக்கொண்டு, "ருக்கு, பிடிச்சி விடு, பிடிச்சி விடு" என்று முனகினாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அந்தச் சத்தியத்தை நான் தூக்கி எறிந்தேன். "அம்மா, இவ அக்காவோட கோப்பையையும் குடிச்சிட்டா" என்று கத்தினேன். அம்மா கையிலிருந்த மோர்ச் செம்பு கீழே விழுந்தது. தன் தலையில் தானே அறைந்துகொண்டு, லல்லியைப் பழந்துணியைச் சுருட்டுவதுபோல வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். எங்களை ஏற்றிக்கொண்டு டிரைஷாக்காரச் சீனர் அந்தச் சைக்கிள் ரிக்ஷாவை மிதித்த மிதியை நான் மறக்கமாட்டேன். பஸ்ஸையெல்லாம் முந்திக்கொண்டு போனார்.

டிஸ்பென்சரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். லல்லியின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் அப்படியே நின்றது.

"பிள்ளைக்கு என்ன குடுத்தனீங்கள்?"

"வெளக்கெண்ணெய்ங்க டாக்டர். சுத்தத்துக்கு..."

"என்ன சுத்தம்? பிள்ளையில என்ன அழுக்கைக் கண்டனீங்கள்?" என்று அவர் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் யாராவது எப்போதோ கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. நியாயமாக அதை அவர் அப்பாவைக் கேட்டிருக்க வேண்டும். பாவம், அம்மாதான் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். பிறகு அவர் தன்னுடைய காரிலேயே எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அங்கே லல்லியின் குச்சிக் கையில் ஊசியை ஏற்றி உப்புநீர் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். பிழைப்பாளா என்று அம்மா ஒவ்வொரு நர்ஸின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குத்தான் சொல்லமுடியும் என்றார்கள்.

பக்கத்துக் குடித்தனக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு அக்கா வந்து சேர்ந்தாள். புடவை நலுங்கி, குடையைக் காணோம். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். "எடுத்துக்கிட்டாங்களாக்கா?" என்றுதான் கேட்டேன், எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. அவள் தலையை ஆட்டினாள். ஒரு பாடத்தை வாசிக்கச் சொன்னார்களாம். சின்னப் பிள்ளைகளுக்கு எப்படி எழுத்துச் சொல்லிக்கொடுப்பாய் என்று கேட்டார்களாம். அவள் கதவில் லல்லிக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்ல, அவர்கள் சிரித்துவிட்டு, பயிற்சிக்கு வந்து சேர்ந்துகொள் என்றார்களாம். இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, கட்டிலில் கிடந்தவளைத்தான் பார்த்தாள்.

மாலையில் அப்பா வந்தார். நடந்ததை அம்மா சொன்னாள். அவர் கட்டிலருகே போய் லல்லியின் நெற்றியைத் தொட்டார். தாழ்வாரத்துக்குத் திரும்பி வந்து அக்காவுக்கு முன்னால் நின்றார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒரு வார்த்தை, அளவு தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்றாவது, இனிமேல் இது வேண்டாம் என்றாவது சொல்வார் என்று நான் நம்பினேன். எனக்குப் பதின்மூன்று வயது, நம்பக்கூடிய வயதுதான்.

"பாத்தியா?" என்றார். "உனக்குள்ள இருந்த பித்தத்த உன் தங்கச்சி குடிச்சிட்டா. நீ குடிக்கவேண்டியத நீ குடிச்சிருந்தா இவ இங்க கெடப்பாளா?"

அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "மாப்பிள்ள வீட்டுக்குச் சரின்னு சொல்லிடுங்கப்பா" என்றாள்.

இதுதான் நடந்தது. லல்லி பிழைத்துக்கொண்டாள். அக்கா சில மாதங்களில் கல்யாணமாகிக் கடற்பாலத்தைத் தாண்டிப் போனாள். நான் இதை எத்தனையோ முறை திருப்பித் திருப்பி யோசித்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் என் ரத்தம் கொதிக்கிறது. எண்ணெய் வாங்கிவந்தவர் அவர். நாளைக் குறித்தவர் அவர். இன்னும் கொஞ்சம் விடு என்று நிலைப்படியில் நின்று சொன்னவர் அவர். அவருக்கு ஒரு துளி உறுத்தல் இல்லை. ஒரு வாய்கூடக் குடிக்காத, யாருக்கும் கொடுக்காத, கோப்பை கையிலிருந்து பிடுங்கப்பட்ட ஒருத்தி அந்த உறுத்தலை முழுவதுமாகத் தலையில் ஏற்றிக்கொண்டு ரப்பர்த் தோட்டத்துக்குப் போனாள். பெண்பிள்ளைகளை இப்படித்தான் வளர்த்து வைத்திருந்தார்கள். யார் தப்புச் செய்தாலும் மன்னிப்புக் கேட்க எங்களில் ஒருத்தி தயாராக நின்றுகொண்டிருப்பாள். அத்தான் நல்லவர்தான், அக்காவை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. நான் எப்போது ஆத்திரப்பட்டாலும் எல்லாரும் அதைத்தான் எடுத்துச் சொல்லி என்னை அடக்குவார்கள். அத்தான் நல்லவராக வாய்த்தது அதிர்ஷ்டம். அதற்காக அப்பா செய்தது சரியாகிவிடுமா?

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மருந்து நாள் வரவில்லை. யாரும் நிறுத்தவேண்டும் என்று பேசவில்லை. சாமி அலமாரியில் இருந்த பாட்டிலை அம்மா எடுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காமாட்சி விளக்கில் ஊற்றி எரித்தே தீர்த்தாள். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். காலி பாட்டில் ஒருநாள் பழைய சாமான்காரரிடம் போனது. பிறகு நான் படித்தேன், வேலைக்குப் போனேன், எதிர்த்துப் பேசினேன், என் நாக்கை நீட்டச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. லல்லிதான் கடைசியில் ஆசிரியையானாள், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றாள். அவள் ஆசிரியையாக முதல் நாள் பள்ளிக்குப் போக அக்கா ஜொகூரிலிருந்து ஒரு புதுக்குடை வாங்கி அனுப்பியிருந்தாள்.

அந்தக் கடைவீடு இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்கும் சின்ன ஹோட்டலாகிவிட்டது. ஜன்னல்களுக்கு மஞ்சளும் பச்சையுமாகச் சாயம் அடித்து, அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மில் இல்லை, தும்மல் இல்லை. வாளிக் கக்கூஸ் இருந்த பின்சந்தில் வண்ண விளக்கு போட்டு நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். அக்காவின் பலகைக் கதவு எந்த லாரியில் ஏறி எந்தக் குப்பைமேட்டுக்குப் போயிற்றோ. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எனாமல் கோப்பைகளைத் தேடிப் பார்த்தேன், எங்கள் மூவரில் யாரிடமும் இல்லை.

சென்ற மாதம் அக்கா ஜொகூரிலிருந்து வந்திருந்தாள். சுவா சூ காங்கில் லல்லியின் அடுக்குமாடி வீட்டில் மூன்று பேரும் கூடினோம். லல்லியின் மகள் சுதா ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே பட்டினி இருந்தாள். ஏனம்மா, உடம்புக்கு என்ன என்று பதறிப்போய்க் கேட்டேன். "ஒண்ணுமில்ல பெரியம்மா, டீடாக்ஸ் லா. சாப்பாடு கிடையாது, ஒன்லி ஜூஸ். பாடி ஃபுல்லா கிளீன் ஆயிடும்" என்றாள். நாற்பது வயதுக்காரி, தன் சம்பளத்தில், தன் இஷ்டத்துக்குப் பட்டினி கிடக்கிறாள், யாரும் அவள் நாக்கைப் பார்க்கவில்லை. அதில் எனக்கு என்ன வந்தது? ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கீரையும் பாகற்காயும் ஆப்பிளும் அடித்த பச்சைச் சாற்றை மூன்று கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றித் தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். "சும்மா டேஸ்ட் பண்ணிப் பாருங்க."

அக்கா ஒரு தம்ளரை எடுத்தாள். எங்களைப் பார்த்தாள். இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். பிறகு, தன் தம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த லல்லியின் பக்கம் கையை நீட்டினாள்.

"உன்னோடத குடு" என்றாள்.

லல்லி கொடுக்கவில்லை. அக்காவே அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, தம்ளரை எடுத்து, அதையும் முழுக்கக் குடித்தாள். வாயோரத்தில் பச்சையாக வழிந்தது. "ஐயோ பெரியம்மா, ரெண்டு கிளாஸெல்லாம் குடிக்கக்கூடாது லா!" என்று சுதா கைகொட்டிச் சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் யாரும் சொன்னதில்லை. லல்லி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது. எண்பதை நெருங்கும் அக்கா, எதையோ திருப்பிக் கொடுத்துவிட்டவள்போல முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

என் தம்ளர் மட்டும் தட்டில் இருந்தது. "குடிங்க பெரியம்மா. உள்ள இருக்கிற கெட்டதெல்லாம் வெளிய போயிடும்" என்றாள் சுதா.

"என்கிட்ட இருக்கிறது கெட்டது இல்லம்மா. அது உள்ளயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தம்ளரை எடுத்துக்கொண்டு போய் லல்லியின் பக்கத்தில் நின்று, திறந்திருந்த குழாய்க்குக் கீழே கவிழ்த்தேன்.